யார்ன்டனின் பதின்மூன்று பந்துகள்

போர்ட் மெடோ

இரவு ஒன்பது மணி. வெளிச்சம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. தேம்ஸ் ஆற்றோரத்தில் மாடுகள் கணுக்கால் தண்ணீரில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. குதிரைகள் தனிக் கூட்டமாக மேய்ந்தன. நாயோடு நடக்க வந்தவர்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற மாணவர்கள், பக்கத்து ஓடையில் குதித்துக் கத்துகிற பிள்ளைகள் என எல்லாருக்கும் இடம் கொடுத்த பிறகும் அந்த வெளி காலியாகவே கிடந்தது. வேலி இல்லை, வரப்பு இல்லை.

திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, ஆக்ஸ்போர்டில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க மனைவியோடு வந்திருந்தார் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர். இரண்டு பக்கமும் கண்ணை ஓட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இது யார் பேர்ல இருக்கும்மா?"

முப்பது வருடத்துக்கு மேல் தஞ்சாவூர் மாவட்டத்து வயல்களில் சங்கிலி இழுத்து, கல் நட்டு, உட்பிரிவு செய்து கொடுத்தவர். மண்ணைப் பார்த்தால் புல எண் கேட்காமல் அவரால் இருக்க முடியாது. மகள் சொன்னாள்: இது பொது மேய்ச்சல் நிலம். ஆக்ஸ்போர்டு நகரத்தின் பரம்பரை உரிமைக்குடிகளும் வுல்வர்கோட் கிராமத்தாரும் மாடு விடலாம். 1086-இல் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கிலேயே இந்த உரிமை பதிவாகியிருக்கிறது. அதற்கும் முன்னாலிருந்து இந்த மண்ணில் ஏர் பட்டதில்லை.

"மேய்க்கால் புறம்போக்கு" என்றார் சர்வேயர். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பதிவேட்டில் அந்தப் பெயரோடு இருந்த நிலங்களில் எத்தனை இன்று பஸ் நிலையமாகவும் குடியிருப்பாகவும் நிற்கின்றன என்பது அவருக்குத் தெரியும். சில கோப்புகளில் அவர் கையெழுத்தே இருக்கிறது.

தெற்குப் பக்கம் மரங்களுக்கு மேலே தட்டையான கட்டிட வரிசை ஒன்று தெரிந்தது. பல்கலைக்கழக மாணவர்களுக்கான காசில் மில் குடியிருப்பு. அது எழுந்தபோது, மேய்ச்சல் வெளியிலிருந்து நகரத்துக் கோபுரங்களைப் பார்க்கும் பார்வை மறைந்துவிட்டது என்று ஊரார் கொதித்தார்கள். மேல்மாடியையாவது எடுங்கள் என்ற கோரிக்கை பல்கலைக்கழக ஆசிரியர்களின் சபை வரை போய், 2015 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் தோற்றது. அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற அமைப்புகளில் ஒன்று சி.பி.ஆர்.இ.யின் ஆக்ஸ்போர்டுஷயர் கிளை.

இந்தப் பயணம் முழுக்க அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. 1926-இல் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் அபர்கிராம்பி முன்னெடுத்துத் தொடங்கிய அமைப்பு அது, கிராமப்புற இங்கிலாந்தைக் காப்பதற்காக. அப்போது லண்டனிலிருந்து கிளம்பிய சாலைகளின் இரண்டு பக்கமும் வீடுகள் வால் நீட்டியதுபோல் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்தன. அதைத் தடுக்க நகரங்களைச் சுற்றி வீடு கட்டக்கூடாத பசுமை வளையம் ஒன்று வேண்டும் என்று அவர்கள் வருடக்கணக்காகக் கேட்டார்கள். 1955-இல் அரசு சுற்றறிக்கை விட்டு, வளையம் போடுவது பற்றி யோசிக்கும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. ஆக்ஸ்போர்டைச் சுற்றிய வளையம் 1950-களில் வரையப்பட்டு 1975-இல் முறைப்படி உறுதியானது. அந்தக் கோட்டை நகர்த்த வேண்டுமானால் 'விதிவிலக்கான சூழ்நிலை' இருப்பதாகக் காட்ட வேண்டும். கடந்த பத்தாண்டுச் சண்டை முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்கு என்ன பொருள் என்பதில்தான்.

கிட்லிங்டன்

மறுநாள் காலை பான்பரி சாலையில் பஸ் வடக்கே போனது. ஆக்ஸ்போர்டின் கடைசி வீடுகள் முடிந்தன. வயல், உயிர்வேலி, கோல்ஃப் மைதானம், மறுபடி வயல். சர்வேயர் ஜன்னலோரம் சாய்ந்து உட்காருவதற்குள் அடுத்த ஊரின் வீடுகள் வந்துவிட்டன.

"அவ்வளவுதான், இறங்குங்கள். இந்த இடைவெளிக்காகத்தான் ஐந்து வருடம் போராடினோம்" என்றார் நிறுத்தத்தில் காத்திருந்த பெரியவர். பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவர். மழைக்கோட்டுப் பையில் ஆரஞ்சு அட்டை போட்ட ஆர்டினன்ஸ் சர்வே வரைபடம். கையில் தடித்த கோப்பு. ஊர் மக்கள் இந்த இடத்தைக் 'கிட்லிங்டன் கேப்' என்கிறார்கள். நகரமும் கிராமமும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும் இடைவெளி. கிட்லிங்டன்காரர்கள் தங்கள் ஊரை இங்கிலாந்தின் மிகப் பெரிய கிராமம் என்று சொல்லிக்கொள்வார்கள். பதினான்காயிரம் பேர் வசிக்கும் இடத்தைக் கிராமம் என்று சொல்ல அந்த இடைவெளியைத் தவிர வேறு சாட்சியம் அவர்களிடம் இல்லை. 2016-இல் பஸ் பஸ்ஸாக வந்த சீனச் சுற்றுலாப் பயணிகள் இந்த ஊரின் சாதாரணத் தெருவில் இறங்கி, வீட்டு முன்தோட்டங்களையும் ரோஜாச் செடிகளையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அது அப்போது நாடெங்கும் செய்தி.

பெரியவர் வரைபடத்தை ஒரு மரக்கதவின் மேல் விரித்தார். சர்வேயரும் குனிந்தார். மகள் நடுவில் நின்று மொழிபெயர்த்தாலும் பாதி நேரம் அவளுக்கு வேலையே இல்லை. இரண்டு விரல்களும் ஒரே கோட்டின் மேல் நகர்ந்தன.

கணக்கு 2014-இல் தொடங்கியது. 2011-லிருந்து 2031-க்குள் ஆக்ஸ்போர்டுஷயர் மாவட்டத்துக்கு ஏறக்குறைய 1,00,000 புது வீடுகள் தேவை என்றது ஒரு மதிப்பீடு. ஆக்ஸ்போர்டு நகரம் தன் எல்லைக்குள் இடமில்லை என்று கைவிரித்தது. 2016-இல் மாவட்டத்துக் கவுன்சில்கள் கூடி, 14,850 வீடுகளைப் பங்கு பிரித்தன. கிட்லிங்டன் அடங்கிய செர்வெல் கவுன்சிலின் தலையில் விழுந்தது 4,400. அந்த 4,400-ஐ எங்கே வைப்பது என்பதற்காக எழுதப்பட்டதுதான் கிட்லிங்டன்காரர்கள் எதிர்த்த உள்ளூர் வளர்ச்சித் திட்டம். சாலைக்குக் கிழக்கே 690, கோல்ஃப் மைதானத்தில் 670, கிட்லிங்டனின் தென்கிழக்கில் 430, ஸ்ட்ராட்ஃபீல்டு பண்ணையில் 120, யார்ன்டனில் 540, பெக்புரோக்கில் 1,950. ஆறு இடங்களும் பசுமை வளையத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை.

பெரியவரின் முதல் ஆட்சேபணை வயலைப் பற்றியது அல்ல, எண்ணைப் பற்றியது. ஒரு லட்சம் என்ற கணக்கு, இங்கே இருப்பவர்களுக்கு எத்தனை வீடு தேவை என்று எண்ணி வந்ததல்ல. இத்தனை வேலைகள் உருவாக வேண்டும், அதற்கு இத்தனை பேர் வருவார்கள் என்று ஆசைப்பட்டு வந்தது என்பது அவர் வாதம். இந்த வாதத்துக்காகவே ஊர்க்குழுக்கள் சேர்ந்து, தேவைக்குக் கட்டுங்கள், பேராசைக்கு அல்ல என்று பொருள்படும் பெயரில் ஒரு கூட்டணியும் அமைத்தன. இரண்டாவது ஆட்சேபணை நகரத்தின் மேல். கைவசம் இருக்கும் மனைகளைத் தொழிலகங்களுக்கு ஒதுக்கிக்கொண்டு, வீட்டை மட்டும் பக்கத்து ஊருக்குத் தள்ளுவது என்ன நியாயம்?

கோப்பிலிருந்து கடிதங்களை எடுத்துக் காட்டினார். இந்த நாட்டில் ஒரு திட்டத்தை எதிர்ப்பதற்கென்று ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. என் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்று எழுதினால் அது குப்பைக்குத்தான். காட்சிக்குச் சட்டத்தில் உரிமை இல்லை. திட்டத்துக்கு நான்கு சோதனைகள்: தேவையை நேர்மையாகச் சந்திக்கிறதா, ஆதாரத்தோடு நிற்கிறதா, நிறைவேற்ற முடியுமா, தேசியக் கொள்கைக்குப் பொருந்துகிறதா. ஒவ்வொரு ஆட்சேபணையும் இந்த நான்கில் ஒன்றைக் குறிவைக்க வேண்டும். அதுவும் ஆறு வாரத்துக்குள். அதன் பிறகு அரசு அனுப்பும் ஆய்வாளர் பொது விசாரணை வைப்பார். மேசையின் ஒரு பக்கம் கட்டுமான நிறுவனங்களின் வழக்கறிஞர்கள். மறுபக்கம் ரொட்டிக்கடைக்காரர், பல் டாக்டர், ஓய்வுபெற்ற வாத்தியார்.

"எங்கள் தெருவில் எல்லாரும் இரவுப் பள்ளி மாணவர்களைப்போல் சட்டம் படித்தோம்" என்றார் பெரியவர்.

சர்வேயருக்குத் தன் ஊர்க் கிராம சபைகள் நினைவுக்கு வந்தன. அங்கே எதிர்ப்புக்குப் பஞ்சமில்லை. தீர்மானம் போடுவார்கள், கறுப்புக் கொடி கட்டுவார்கள், சாலையில் உட்காருவார்கள். ஆனால் திட்டத்தின் வரைபடத்தை ஆறு வாரம் முன்னதாகக் கையில் கொடுத்து, இதில் என்ன தப்பு என்று கேட்பவர் யார்? திருவையாற்றுக்குப் புறவழிச்சாலை போட்டபோது நெல் நின்ற வயலில் மண்ணைக் கொட்டினார்கள். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பார்த்தார். எண்ணெய்க் கிணறும் உருக்காலையும் தடைப் பட்டியலில் இருக்கின்றன, வீட்டு மனை இல்லை. சாலையோரத்தில் கலர் கொடியும் சுண்ணாம்புக் கல்லுமாக நிற்கும் நஞ்சை நிலங்கள் அவர் கண்ணில் வந்து போயின.

இவ்வளவு முறையாக எதிர்த்தும் கிட்லிங்டன்காரர்கள் தோற்றார்கள். நகரத்தின் தேவையே விதிவிலக்கான சூழ்நிலைதான் என்று ஆய்வாளர் ஏற்றுக்கொண்டார். 2020 செப்டம்பரில் திட்டம் நிறைவேறியது. ஊர்க்குழுக்கள் காசு திரட்டி உயர் நீதிமன்றம் போய், 2021-இல் அங்கேயும் தோற்றன. ஆனால் எண் விஷயத்தில் கதை முடியவில்லை. ஆக்ஸ்போர்டு நகரம் அடுத்த திட்டத்தை எழுதி, வருடத்துக்கு 1,322 வீடு வேண்டும் என்று கேட்டபோது, 2024-இல் ஆய்வாளர்கள் அந்தக் கணக்கையே ஏற்கவில்லை. பக்கத்துக் கவுன்சில்களோடு ஒத்துழைக்கும் கடமையிலும் நகரம் தவறிவிட்டது என்றார்கள். திட்டம் திரும்பப் பெறப்பட்டது. வாத்தியார் பத்து வருடமாகச் சொல்லிவந்த சந்தேகம் அது. அதற்குள் முந்தைய எண்ணை வைத்து வெட்டிய வயல்கள் வெட்டியதுதான்.

உட்ஸ்டாக்

பிளென்ஹைம் அரண்மனையின் வாசலில் இருக்கும் தேன்நிறக் கல்லூர். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பழைய விடுதியில் உட்கார்ந்தார்கள். 'ப்ளவ்மேன்ஸ் லஞ்ச்' என்று பலகையில் எழுதியிருந்தது. ஏர் ஓட்டுபவன் சாப்பாடு. தட்டில் தடித்த ரொட்டி, ஒரு துண்டு பாலாடைக்கட்டி, ஊறவைத்த வெங்காயம், புளிப்பும் இனிப்புமாகக் கறுப்பு ஊறுகாய். சர்வேயரின் மனைவி தட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "என்னங்க, நம்ம பழையசோறும் சின்ன வெங்காயமும்தான் இங்க ரொட்டியா உக்காந்திருக்கு."

இந்த ஊருக்கும் செர்வெல் திட்டத்தின் முதல் வடிவில் 410 வீடுகள் எழுதியிருந்தார்கள். உலகப் பாரம்பரியச் சின்னமான அரண்மனையும் பழைய ஊரும் அமைந்த சூழல் கெடும் என்ற ஆட்சேபணை இங்கே எடுபட்டது. ஆய்வாளர் அந்த இடத்தை நீக்கச் சொன்னார். விடுதியில் பரிமாறிய பெண்ணுக்கு அது நல்ல செய்தியாகவே நினைவிருந்தது.

ஆனால் 4,400 என்ற எண் குறையவில்லை. உட்ஸ்டாக்கில் கழித்த 410-ஐ மற்ற இடங்களில் கூட்டினார்கள். கோல்ஃப் மைதானத்தில் 530 என்று இருந்தது 670 ஆனது. கிட்லிங்டன் தென்கிழக்கில் 230 என்று இருந்தது 430 ஆனது. பசுமை வளையத்துக்கு வெளியே இருந்த ஒரே இடம் தப்பித்தது. வளையத்துக்குள் இருந்தவை கூடுதலாகச் சுமந்தன. அரண்மனை பக்கத்தில் இல்லாத ஊர் என்ன செய்யும் என்ற கேள்வியோடுதான் சர்வேயர் பஸ் ஏறினார்.

கிரெனோபிள் ரோடு

ஆக்ஸ்போர்டு என்றால் கல்லூரிக் கோபுரங்கள் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் தெற்கே வர வேண்டும். கௌலியில் மோரிஸ் கார் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று மினி கார்கள் உருவாகின்றன. அந்தத் தொழிலாளர்களுக்காக 1950-களிலிருந்து கவுன்சில் கட்டிய குடியிருப்பு பிளாக்பேர்டு லீஸ். அதன் தென் விளிம்பில், ஆக்ஸ்போர்டின் இரட்டை நகரமான பிரான்சு நாட்டு கிரெனோபிளின் பெயரில் ஒரு சாலை. ஒரு பக்கம் நகரம் கத்தியால் வெட்டியதுபோல் முடிகிறது. மறுபக்கம் வயலும் உயர் அழுத்த மின்கோபுரங்களும். அந்த வயலில் ஏறக்குறைய 3,000 வீடுகள் வரவிருக்கின்றன. நிலத்தில் பெரும்பகுதி மாட்லின் கல்லூரிக்கும் நகர கவுன்சிலுக்கும் சொந்தம். 1458-இல் தொடங்கிய கல்லூரி. "மடத்து நிலம் மாதிரி" என்று சர்வேயர் சொன்னது சரியான ஒப்புமை. காவிரிக் கரையிலும் பெரிய பரப்புகள் மடத்தின் பேரிலும் கோயில் பேரிலும்தான் இருக்கின்றன.

தெற்கு ஆக்ஸ்போர்டுஷயர் கவுன்சிலின் திட்டம் இது. 2019 மே தேர்தலில் இந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள் ஆட்சியையே பிடித்தார்கள். திட்டத்தைத் திரும்பப் பெற முடிவெடுக்கும் தறுவாயில், அக்டோபரில் அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் உத்தரவு போட்டு நிறுத்தினார். 2020 மார்ச்சில், அந்த ஆண்டு டிசம்பருக்குள் திட்டத்தை நிறைவேற்றியாக வேண்டும் என்று இன்னோர் உத்தரவு. கோவிட் காலம் என்பதால் பொது விசாரணை கணினித் திரையில் நடந்தது. டிசம்பர் 10-ஆம் தேதி, எதிர்த்து ஜெயித்த உறுப்பினர்களின் கையாலேயே திட்டம் நிறைவேறியது. எதிர்ப்பாளர்கள் சொல்வதில் இந்தப் பயணத்தில் மிகவும் சுட்டது இதுதான். வாக்குச்சீட்டால் மாற்றிய பிறகும் மாறவில்லை என்றால் ஆறு வாரக் கடிதங்களுக்கு என்ன மதிப்பு?

ஆனால் இங்கே இன்னொரு குரலும் இருந்தது. மகளின் தோழி, நாகர்கோவில் பக்கத்துப் பெண், நகரத்து மருத்துவமனையில் நர்ஸ். இரவு டூட்டி முடித்து வந்தவள், பையிலிருந்து சூடு ஆறாத புட்டும் கடலையும் எடுத்துவைத்தாள். அவள் சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட ஒரு அறைக்கு வாடகையாகப் போகிறது. குளியலறையை இன்னும் நான்கு பேரோடு பகிர்ந்துகொள்கிறாள். ஆக்ஸ்போர்டில் ஒரு வீட்டின் விலை சராசரி வருடச் சம்பளத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல். "மாமா, அவங்க வயலைக் காப்பாத்தணும்னு சொல்றது எனக்குப் புரியுது. ஆனா காலையில ஆறு மணிக்கு வார்டுல நிக்கிறவ எங்க தூங்கணும்னும் யாராவது சொல்லணும்ல?"

சர்வேயரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு நடத்தும் எந்தப் பசுமைப் போராட்டமும் அரைப் போராட்டம்தான். எதிர்ப்பாளர்களில் பலருக்கு இது தெரியும். சாலையோரம் பேசிய ஒரு பெண்மணி, தான் வீட்டை எதிர்க்கவில்லை, எந்த வீடு என்றுதான் கேட்கிறேன் என்றார். 'கட்டுபடியாகும் வீடு' என்று திட்டத்தில் எழுதியிருப்பது சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம். நர்ஸின் சம்பளத்துக்கு அதுவும் எட்டாது. ஏற்கெனவே கட்டிடம் இருந்து காலியான நிலங்களில் மட்டும் நாடு முழுவதும் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இடம் இருக்கிறது என்பது சி.பி.ஆர்.இ.யின் கணக்கு. ஆனால் அந்த நிலத்தைத் துப்புரவு செய்யச் செலவாகும், வயலில் கட்டினால் லாபம். நர்ஸும் இந்தப் பெண்மணியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இருவருக்கும் பொதுவாக நிறைய இருக்கும். விசாரணை மண்டபத்தில் அவர்களை எதிரெதிராக உட்காரவைத்துவிட்டார்கள்.

சாலை முடிவில் காற்று திரும்பியபோது நாற்றம் வந்தது. நகரத்தின் கழிவுநீர் நிலையம் அங்கேதான். அதில் கொள்ளளவு போதவில்லை என்பதால் புது வீடுகளுக்கு நாட்டின் சுற்றுச்சூழல் முகமையே ஆட்சேபணை எழுப்பியது. வயல், வீடு, எண் என்று வருடக்கணக்கில் வாதாடிய மேசையில் சாக்கடை கடைசியில்தான் வந்தது. முதல் நாள் பிள்ளைகள் குதித்து விளையாடிய வுல்வர்கோட் ஓடையை ஊரார் 2022-இல் போராடி அதிகாரபூர்வக் குளியல் நீராக அறிவிக்கவைத்தார்கள். தண்ணீரைச் சோதித்துக் கிடைத்த தரம்: மோசம்.

ஓட்மூர்

பெக்லி கிராமத்து மேட்டிலிருந்து பார்த்தால் கீழே ஓட்மூர் சதுப்பு, உயிர்வேலிகளால் கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடக்கிறது. லூயிஸ் கரோல் தன் கதையில் ஆலிஸ் நடக்கும் சதுரங்க நிலத்தை இதைப் பார்த்துத்தான் எழுதினார் என்பார்கள். இன்று இதன் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம். நாணலுக்கு மேல் ஒரு பூனைப்பருந்து தாழ்வாக வட்டமிட்டது. சர்வேயர் அதைவிடக் கட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடுகளுக்கு வயது இருநூறு. சுற்றியுள்ள ஏழு ஊர்களுக்கும் பொதுவாக இருந்தது ஓட்மூர். வாத்தும் மாடும் வளர்த்துப் பிழைத்த ஏழைகளின் நிலம். 1815-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது வேலி போட்டுப் பிரிக்கப்பட்டது. 1830 செப்டம்பர் 6-ஆம் தேதி ஏறக்குறைய ஆயிரம் பேர் பட்டப்பகலில் ஓட்மூரின் எல்லையைச் சுற்றி நடந்தார்கள். வழியில் இருந்த வேலி ஒவ்வொன்றையும் பிடுங்கிப் போட்டார்கள். குதிரைப்படை வந்து பிடித்தது. நாற்பது சொச்சம் கைதிகளை வண்டியில் ஏற்றி ஆக்ஸ்போர்டு சிறைக்குக் கொண்டுபோனபோது, நகரத்தில் செயின்ட் கைல்ஸ் திருவிழா. கூட்டம் படைவீரர்கள்மேல் கல்லெறிந்து வண்டிகளை மறித்தது. அத்தனை கைதிகளும் தப்பினார்கள்.

பெக்லியில் ஒரு வயதான விவசாயி, தன் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் கிடக்கும் இரும்புச் சங்கிலியைக் கொண்டுவந்து காட்டினார். நூறு வளையங்கள். பத்துக்கு ஒரு பித்தளைக் காது. கைப்பிடி துருவேறியிருந்தது. சர்வேயர் கையில் வாங்கியதும் பேச்சு வரவில்லை. பயிற்சிக் காலத்தில் அவர் இழுத்த அதே கண்டர் சங்கிலி. 66 அடி நீளம். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். 1620-இல் எட்மண்ட் கண்டர் என்ற இங்கிலாந்துக்காரர் உருவாக்கியது. இங்கே பொது நிலங்களைப் பிரிக்க அளந்த அளவை, கப்பலேறித் தஞ்சாவூருக்கும் வந்திருக்கிறது. அவர் ஊர்ப் பழைய புல வரைபடங்களில் பக்க நீளமெல்லாம் இந்த வளையங்களின் கணக்கில்தான்.

"இத வெச்சுத்தான் அங்கயும் கோடு போட்டோம்" என்றார் மனைவியிடம், மெதுவாக.

விவசாயி இன்னொரு கதையும் சொன்னார். 1980-களில் எம்40 நெடுஞ்சாலையை ஓட்மூர் ஓரமாகக் கொண்டுபோக அரசு திட்டமிட்டது. எதிர்ப்பாளர்கள் வழியில் இருந்த ஒரு வயலை வாங்கி, 'ஆலிஸின் புல்வெளி' என்று பெயர் வைத்து, சின்னச் சின்னச் சதுரங்களாக உலகம் முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு விற்றார்கள். நிலம் எடுக்க வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சாலை வேறு பக்கம் போனது. சர்வேயர் வாய்விட்டுச் சொன்னார்: "ஒரு புல எண்ணுல மூவாயிரம் உட்பிரிவு!" அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பிரிக்கவே மூன்று மாதம் அலைந்தவருக்குத்தான் அதன் வலிமை புரியும்.

யார்ன்டன்

கடைசி நாள். வாத்தியாரோடு யார்ன்டனில் ஒரு அம்மாளும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேர் முதுகிலும் தண்ணீர் பாட்டில், ரொட்டிப் பொட்டலம். சர்வேயரின் மனைவி பையில் தயிர்சாதமும் மாவடுவும்.

தேம்ஸ் கரையில் விரியும் யார்ன்டன் புல்வெளிகள் கண்டிப்பான சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. கோடையில் உலர்புல்லுக்காக ஒரு முறை வெட்டுவார்கள், பிறகு மாடு விடுவார்கள். உரம் கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-களுக்குப் பிறகு இப்படிப்பட்ட பூப்புல்வெளிகளில் 97 சதவீதம் அழிந்துவிட்டது. எஞ்சியதில் இது ஒன்று. இடுப்பளவு புல்லுக்கு நடுவே மெல்லிய தண்டுகளின் நுனியில் ரத்தச் சிவப்பில் சின்ன உருண்டைப் பூக்கள் ஆடின. "வாடாமல்லியாட்டம் இருக்கு" என்று மனைவி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். அந்த அம்மாள் குனிந்து, காய்ந்துபோன வேறொரு செடியைப் பறித்துக் காதருகே ஆட்டினார். காய்க்குள் விதைகள் கலகலத்தன. நம் ஊர்க் கிலுகிலுப்பைபோல. இந்தச் செடி பக்கத்துப் புல்லின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. அதனால் புல் மட்டுப்பட்டு மற்ற பூக்களுக்கு இடம் கிடைக்கிறது. காய் சத்தம் போட்டால் உலர்புல் வெட்டும் காலம் வந்துவிட்டது என்று அந்தக் காலத்து ஆட்கள் கணக்கு வைத்திருந்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டிலும் இந்தப் புல்வெளியைச் சீட்டுப் போட்டுத்தான் பிரித்தார்கள். பதின்மூன்று மரப்பந்துகள். ஒவ்வொன்றிலும் இடைக்காலத்துக் குடியானவர் ஒருவரின் பெயர். பையிலிருந்து பந்து வரும் வரிசையில் அந்தந்த உரிமையாளருக்கு அந்த வருடத்துப் புல். புல்லை மிதித்து நடந்து எல்லை காட்டுவார்கள். நல்ல மண்ணும் சேற்று மண்ணும் யாருக்கும் நிரந்தரமில்லை.

இதைக் கேட்டதும் சர்வேயர் நின்றுவிட்டார். "கரையீடு" என்றார். தஞ்சாவூர்ச் சமுதாயக் கிராமங்களில் மிராசுதாரர்கள் நிலத்தைக் கரைகளாகப் பங்கிட்டு, சில வருடத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு மாற்றிக்கொண்ட வழக்கம். பழைய ஆவணங்களில் படித்திருக்கிறார். தனித்தனிப் பட்டா வந்து அது ஒழிந்தது. மகள் இதை மொழிபெயர்த்து முடிக்கும்வரை அந்த அம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்: "க-ரை-யீ-டு."

புல்வெளியில் யாரும் வீடு கட்டப் போவதில்லை. ஆனால் மேட்டுப் பக்கம், கிராமத்தை ஒட்டிய வயலில் 540, அடுத்து பெக்புரோக் பக்கம் 1,950. கூரையில் விழும் மழை எங்கே வடியும், ஆயிரக்கணக்கான புதுக் கால்கள் எங்கே நடக்கும், உயிர்வேலியில் எது நிற்கும் என்பதுதான் இப்போதைய கேள்விகள். திட்டம் நிறைவேறிவிட்டது. செர்வெல் கவுன்சில் 2042 வரைக்குமான அடுத்த திட்டத்தையும் எழுதிவிட்டது. இவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் கையில் இருந்த வரைபடத்தில் ஒரு வடிகால் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது அவருக்குச் சந்தேகம். உயிர்வேலியிலிருந்து பள்ளம் வரை எவ்வளவு தூரம் என்று நேரில் அளந்து அடுத்த கடிதத்தில் எழுத வேண்டும்.

சர்வேயர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அவருடைய ஒரு எட்டு இரண்டரை அடி; சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து மாறியதில்லை. வேலியோரம் முதுகை நிமிர்த்தி நின்று, வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடக்கத் தொடங்கினார். அந்த அம்மாள் பக்கத்தில் தன் கணக்கில் நடந்தார். பள்ளத்தின் விளிம்பில் இருவரும் நின்றார்கள். காகிதத்தில் எழுதிக் கணக்குப் போட்டு ஒப்பிட்டபோது மூன்று அடி வித்தியாசம் வந்தது.

வாத்தியார் இரண்டையும் பார்த்துவிட்டு, போதும், பரவாயில்லை என்றார். அவர்கள் கேட்கவில்லை. திரும்பி வேலியை நோக்கி, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.